யார் படித்துப் பார்க்கிறார்கள்?

மே 5, 2025, திங்கள்

படிப்பின் முடிவில் வரும் தொடர் களப்பயிற்சியான பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கு இந்த மாதம் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இருவரும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இறுதித் தேர்வு எழுதி முடித்தவர்கள். மருத்துவ, மனநலச் சமூகப் பணிப் பிரிவு. மாணவி சென்னையில் பெயர் பெற்ற ஒரு கல்லூரி. மாணவன் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரி. ஒரு மாதம் எங்கள் மருத்துவமனையில், சமூகப் பணியாளரான என்னோடு இருப்பார்கள்.

காலையில் இருவரையும் நிலைய மருத்துவ அலுவலரிடம் (ஆர்.எம்.ஓ.) அழைத்துப் போனேன். மாணவி கல்லூரிப் பெயரைச் சொன்னதும், “அடடே, நல்ல காலேஜாச்சே, உட்காரும்மா” என்றார். மாணவன் சொன்னதும், “அது எங்கப்பா இருக்கு?” என்று கேட்டார். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று அவன் நின்றபடியே வழி சொன்னான். இருவரும் இன்னும் ஒரு வார்டுக்குள்கூடக் காலெடுத்து வைக்கவில்லை. அதற்குள் ஒருத்திக்கு நாற்காலி கிடைத்துவிட்டது.

இரவு அண்ணன் மகள் போன் செய்தாள். சைக்காலஜி பட்டம் முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. சேரப் போகிறாள். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்காக (டிஸ்) க்யூட் நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள். சென்னையில் ஒரு கல்லூரிக்கும் மதுரையில் ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

“அத்தை, டிஸ்ஸுல படிச்சாத்தான் மதிப்பு, இங்க படிச்சா பேருக்கு ஒரு டிகிரிதான்னு சொல்றாங்களே, நெசமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அது இரண்டு வருஷத்தையும் அப்பாவின் சேமிப்பையும் எங்கே போடுவது என்ற கேள்வி. எனக்கோ ஆண்டுதோறும் வரும் மாணவர்களைப் பார்த்து உள்ளேயே கிடந்த கேள்வி. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

மே 7, புதன்

அறுவைச் சிகிச்சை வார்டில் ஒருவர், உசிலம்பட்டிப் பக்கம், கொத்தனார். சர்க்கரைப் புண் முற்றி முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருக்கிறார்கள். அறுவைச் செலவு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முடிந்துவிட்டது. இனிமேல்தான் எங்கள் வேலை. டிஸ்சார்ஜ் ஆகி எந்த வீட்டுக்குப் போவார், புண்ணுக்கு யார் கட்டுப் போடுவார்கள், சாரம் ஏறிப் பிழைத்தவர் இனி எதை வைத்துப் பிழைப்பார்?

இரண்டு மாணவர்களையும் வெவ்வேறு நேரத்தில் அவரைச் சந்திக்கச் சொன்னேன். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் ரெக்கார்ட் எழுதித் தரச் சொன்னேன்.

மே 9, வெள்ளி

இரண்டு ரெக்கார்டுகளையும் இன்று படித்தேன்.

மாணவி எழுதியது ஆறு பக்கம். குடும்ப வரைபடம் இருக்கிறது. வருமானம், கடன், ரேஷன் அட்டை, மருந்துச் செலவு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. மகன் வீட்டுக்குப் போவதாக அவர் சொன்னதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் இப்படி எழுதியிருக்கிறாள்: “இதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தயக்கமாக இருக்கலாம். அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டும்.” பார்த்ததைத் தனியாகவும் ஊகித்ததைத் தனியாகவும் வைத்திருக்கிறாள். வேலைக்கு வந்து பல வருஷம் ஆனவர்களுக்கும் இது எளிதில் கைவருவதில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

“ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல எங்க சூப்பர்வைசர் மேம் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் எழுதுவாங்க மேம், ‘இது நீ பார்த்ததா, நினைச்சதா?’ன்னு. திங்கக்கிழமை தனிச் சந்திப்புக்குப் போகவே பயமா இருக்கும்.”

மாணவன் எழுதியது மூன்றே வரி. நோயாளியைச் சந்தித்தான், நல்லுறவு ஏற்பட்டது, ஆலோசனை வழங்கப்பட்டது. எந்த நோயாளிக்கும் பொருந்தும் வரிகள், எழுதாமலே இருந்திருக்கலாம்.

மதியம் கேன்டீனில் அவனை எதிரே உட்காரவைத்து, அந்த மனிதரைப் பற்றிச் சொல்லப்பா என்றேன். அரை மணி நேரம் பேசினான். மகன் குடியிருப்பது மாடி வீடு. கழிப்பறை கீழே, அதுவும் வெளியே. மருமகளோடு பேச்சு நின்று வருஷமாகிறது. ஊரில் தங்கை வீடு இருக்கிறது, திண்ணை வைத்த ஓட்டு வீடு. அங்கே போகத்தான் அவருக்கு ஆசை; ஆனால் மகன் கௌரவக் குறைச்சலாக நினைப்பானே என்று பயம். கட்டு மாற்றும் அறைக்கு வெளியே அவரோடு காத்துக்கிடந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டானாம்.

“இதையெல்லாம் ஏன் எழுதல?”

“எழுதுனா யாரு மேடம் படிக்கப் போறா?”

அவன் படித்த இடத்தில் செமஸ்டர் முடிவில் எல்லா நோட்டுகளையும் மொத்தமாக அடுக்கிக் கையெழுத்துப் போடுவார்களாம். அந்த ஆசிரியரையும் நான் குறை சொல்லத் துணியமாட்டேன். பாடமும் எடுத்து, முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் ஃபீல்ட் ஒர்க்கையும் ஒருவரே பார்க்க வேண்டுமென்றால், கையெழுத்துப் போடுவதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்தும் அவன் கேள்வி விடவில்லை. எங்கள் படிப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் களத்தில்தான் கழிகிறது. களத்தில் செய்ததை எழுதி, எழுதியதை அனுபவமுள்ள ஒருவர் படித்து, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும்போதுதான் ஒரு மாணவர் சமூகப் பணியாளராக உருவாகிறார். கேட்கும் காது அவனுக்கு இயல்பாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷம் யாரும் அவனைப் படிக்கவில்லை.

மே 12, திங்கள்

இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் காணாமல் போகும் குழந்தைகளுக்காகப் போடும் உதவி மேசைக்கு இருவரையும் அனுப்பினேன். மாலையில் தொண்டை கட்டி, முகமெல்லாம் புழுதியாகத் திரும்பிவந்தார்கள். மேசையில் ஒட்டியிருந்த 1098 எண் எப்படி வந்தது தெரியுமா என்று மாணவி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1996இல் மும்பையில் அதைத் தொடங்கியவர் ஜெரூ பில்லிமோரியா. டாட்டா நிறுவனத்தின் களச் செயல்திட்டங்களில் ஒன்றாகத்தான் அது பிறந்தது. இரவு நேரத்தில் தெருக் குழந்தைகள் கூப்பிட்டால் எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதிலிருந்து வளர்ந்து நாடெங்கும் பரவியது. இப்போது அரசே நடத்துகிறது. அதே நிறுவனத்திலிருந்துதான் 1984இல் மும்பைக் காவல்துறைக்குள் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவு வந்தது. வன்முறைக்கு ஆளான பெண் புகார் கொடுக்க வரும் இடத்திலேயே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சிறைவாசிகளுக்கான பிரயாஸ் 1990இல் வந்தது.

அந்த நிறுவனத்தின் மூலமும் களம்தான். மும்பை நாக்பாடாவில் உழைக்கும் மக்கள் நடுவே சமூக மையம் நடத்திவந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட்டைக் கொண்டுதான் 1936இல் சர் தோராப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கியது. சென்னையில் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் உருவாக முன்னின்ற மேரி கிளப்வாலா ஜாதவும் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே படைவீரர்களுக்காகப் பெண்களைத் திரட்டிச் சேவை செய்தவர்.

ஆகவே பெயர் வெறும் பூச்சு என்று நான் சொல்லமாட்டேன். உழைத்துச் சம்பாதித்த பெயர்கள் இவை. ஆனால் அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்கள் முன்னே போனவர்கள். இன்று சேரும் மாணவிக்கு அந்த உழைப்பில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதைத் தனியாகத்தான் கேட்டறிய வேண்டும்.

மே 15, வியாழன்

எங்கள் பிரிவில் முன்பு தலைமையாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா இன்று பார்க்க வந்திருந்தார். பட்டியலினக் குடும்பத்தில், முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர். அண்ணன் மகள் விஷயத்தைச் சொல்லி, பெயரை விடப் பயிற்சியைத்தான் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டே போனேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீ சொல்றது சரிதாம்மா. ஆனா பேரில்லாத வீட்டுல பொறந்த புள்ளைக்குத்தான் பேரு வேணும். டாக்டர் முன்னாடி, கலெக்டர் ஆபீஸ்ல, கான்ஃபரன்ஸ்ல நான் பேச வாயத் தெறந்தா மொதல்ல என் ஊரைத்தான் பார்த்தாங்க. காலேஜ் பேரைச் சொன்னப்புறம்தான் நான் சொன்னது காதுல விழுந்துச்சு. வசதியானவங்களுக்கு அது அலங்காரம். எங்களுக்கு அது கவசம்.”

இதற்கு நான் எதிர்வாதம் தேடவில்லை, அது உண்மை. ஊரிலிருந்து கிளம்பி, வடகிழக்கிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே வகுப்பில் வாதாடிப் பழகுவதும், பெரிய நூலகமும், உலகமெங்கும் பரவியிருக்கும் பழைய மாணவர்களும் ஒரு பெண்ணை எவ்வளவு உயர்த்தும் என்பதை அவரே கண்ணெதிரில் நின்று காட்டினார்.

கிளம்பும்போது இன்னொன்றும் நினைவுபடுத்தினார். 2018 பிப்ரவரியில் டாட்டா நிறுவனத்தின் எல்லா வளாகங்களிலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அரசு உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை விலக்கப்பட்டதை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். கவசம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது விலையால் எட்டாமல் போனால், அந்தப் பெயர் பிறகு யாருக்குப் பயன்படும்?

மே 18, ஞாயிறு

திருமங்கலம் போய்வந்தேன். அண்ணனின் தையல் கடையில் மதினி ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் மகளுக்கு மதிப்பெண் நன்றாக வந்திருக்கிறது. மும்பையில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கட்டணம், விடுதி, சாப்பாடு, போக்குவரத்து என்று இரண்டு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தோம். கல்விக் கடன் வாங்கியே ஆக வேண்டும். 4 லட்சம் ரூபாய் வரை வங்கியில் பிணை கேட்பதில்லை. “வாங்கிருவோம், அதுக்கென்ன” என்றார் அண்ணன், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே. கடனைத் திருப்பும் கணக்கையும் போட்டுப் பார்ப்போம் என்றேன். என்னிடம் பயின்றவர்களில் பலர் முதல் வேலையில் மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரைதான் வாங்குகிறார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், தொண்டு நிறுவனம் என்று எங்கே போனாலும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம்.

அமெரிக்காவில் நடந்ததையும் அவர்களுக்குச் சொன்னேன். அங்கே எம்.எஸ்.டபிள்யூ. நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரே அங்கீகார அமைப்புதான். எந்தக் கல்லூரியானாலும் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி தர வேண்டும். அதற்குப் பிறகு உரிமத் தேர்வும் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றே. அப்படியும் பெயருக்காகக் கடன் வாங்குகிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி முதுகலை முடித்து, அரசுக் கடன் வாங்கியிருந்தவர்களின் இடைநிலைக் கடன் 1,12,000 டாலர் என்றும், அவர்களில் பாதிப் பேர் இரண்டு வருஷம் கழித்தும் ஆண்டுக்கு 52,000 டாலரோ அதற்குக் குறைவாகவோதான் சம்பாதித்தார்கள் என்றும் 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது.

கடன் என்பது பணத்தோடு நிற்பதில்லை. மாதத் தவணை கட்ட வேண்டிய பெண், மலைக் கிராமத்தில் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் நல்ல வேலையை விட்டுவிட்டு, சம்பளம் கூட வரும் வேறு வேலைக்குப் போய்விடுகிறாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் எந்த மக்களுக்காகப் படித்தாளோ அவர்களிடமிருந்து அவளை அந்தக் கடனே பிரித்துவிடுகிறது.

மே 21, புதன்

பெயர் எங்கெங்கே உண்மையாக வேலை செய்கிறது என்று பிரித்து எழுதிப் பார்க்கிறேன்.

மனிதவளத் துறைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம் வேலை செய்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது. அந்த வழியில்தான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் கம்பெனிகளுக்குள் நுழைந்தார்கள். இன்று கம்பெனிகள் வளாகத் தேர்வுக்குக் குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்கு மட்டுமே வருகின்றன. பெரிய நன்கொடை அமைப்புகள், கொள்கை ஆய்வு, வெளிநாட்டில் பிஎச்.டி. எல்லாவற்றிலும் முதல் வடிகட்டல் கல்லூரிப் பெயரை வைத்துத்தான்.

மாவட்ட அளவிலான ஒப்பந்தப் பணிகளில் அப்படியில்லை. விளம்பரத்தில் கேட்பது பட்டமும் அனுபவமும். முதல் வேலைக்குப் பிறகு, கல்லூரிப் பெயரைவிட வேலை பார்த்த இடத்தின் பெயர்தான் பேசுகிறது.

மனநலத் துறையில் சட்டமே வாசலைத் தீர்மானிக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநலச் சமூகப் பணியாளர் என்பவர் சமூகப் பணியில் முதுகலையோடு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்.லும் முடித்திருக்க வேண்டும். புதிய கல்விக் கொள்கையால் எம்.ஃபில். படிப்புகள் நிறுத்தப்பட்டபோதும், இந்தப் பிரிவுக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு அனுமதியை நீட்டித்தது. பிறகு மனநலச் சமூகப் பணிப் படிப்பு எந்த வடிவில் வந்தாலும், சட்டம் கேட்பது மேற்பார்வையோடு கூடிய பயிற்சியைத்தான். முதுகலை எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை.

பெயருக்கு நம் நாட்டில் இவ்வளவு எடை ஏறியதற்குக் காரணமே வேறு ஓர் அளவுகோல் இல்லாததுதான். செவிலியருக்கு 1947ஆம் ஆண்டிலேயே கவுன்சில் சட்டம் வந்துவிட்டது. வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சமூகப் பணி முழுமைக்கும் அப்படியொரு தேசியக் கவுன்சில் இல்லை. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில்கூட சமூகப் பணிக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. கல்லூரியின் மொத்த மதிப்பெண்ணிலிருந்து ஃபீல்ட் ஒர்க் எப்படி நடக்கிறது என்பதை யாரும் தெரிந்துகொள்ள முடியாது. எனவே வேலை கொடுப்பவரும் மாணவரும் பெற்றோரும் காதில் விழுந்த பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மே 24, சனி

கொத்தனார் இன்று டிஸ்சார்ஜ் ஆனார், தங்கை வீட்டுக்கு.

மகனை நேரில் வரவழைத்து மாணவி பேசினாள். தப்பு யாருடையது என்ற பேச்சுக்கே போகாமல், மாடிப்படியையும் கழிப்பறையையும் மட்டும் வைத்துப் பேசியதில் மகன் கௌரவம் கெடாமல் இறங்கிவந்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றவும், சர்க்கரை மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வரவும் மாணவன் ஏற்பாடு செய்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் செயற்கைக் காலுக்கும் மாவட்ட அலுவலகத்தில் எந்த நாளில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தங்கையிடம் கொடுத்தான்.

இரண்டு வாரமாக அவன் ரெக்கார்டைத் தமிழிலேயே எழுதச் சொல்லி, தினமும் மாலையில் கூட உட்கார்ந்து படித்தேன். நேற்று எழுதியது ஐந்து பக்கம். வார்டில் இருக்கும் வேறொரு நோயாளியான பாட்டியைப் பார்க்க வந்த பேரன் கட்டிலருகே வராமல் வாசலிலேயே நின்றதை எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் “பார்த்தது” என்று குறித்திருந்தான். அடுத்த வரியில் “பயமாக இருக்கலாம் – நினைத்தது.” சந்தோஷமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. இரண்டு வாரத்தில் வரக்கூடியதை இரண்டு வருஷம் இவனுக்குத் தராமல் விட்டிருக்கிறார்கள்.

மே 28, புதன்

அண்ணன் மகளுக்குச் சில கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தேன். ஓர் ஆசிரியருக்கு ஃபீல்ட் ஒர்க் மாணவர்கள் எத்தனை பேர்? வாரத்தில் தனிச் சந்திப்பு உண்டா? ரெக்கார்ட் திருத்தி எத்தனை நாளில் திரும்ப வரும்? களத்தில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் இருக்கிறாரா, இல்லை ஆபீஸில் உட்காரவைத்துக் கணினியில் தட்டச்சு செய்யச் சொல்கிறார்களா? முடித்துப் போனவர்கள் மூன்று வருஷம் கழித்து எங்கே இருக்கிறார்கள்? விளம்பரத் தாளை நம்பாமல், அங்கே இப்போது படிக்கிறவர்களிடம் கேள் என்றேன்.

எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறாள். மதுரைக் கல்லூரியில் படிக்கும் பெண், ஆசிரியர்கள் அன்பானவர்கள், ஆனால் தனிச் சந்திப்பு மாதம் ஒருமுறை நடந்தால் அதிகம் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். சென்னையில் வாரந்தோறும் நடக்கிறது. மனநலப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மும்பையில் படிக்கும் பெண், வகுப்பும் களமும் மிக நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, முதல் சில மாதம் இந்தியும் மராத்தியும் பிடிபடாமல் குடிசைப் பகுதியில் வாய் திறக்கவே தவித்ததையும் சொல்லியிருக்கிறாள்.

அதைக் கேட்டபிறகு அவளே முடிவுக்கு வந்திருக்கிறாள்: “அத்தை, எனக்கு மனநலந்தான். ஒருத்தங்க அழுதுக்கிட்டே சொல்றதைக் கேக்கணும். மொதல்ல அதை நம்ம பாஷையில கேட்டுப் பழகிக்கிறேன். சென்னை போறேன். மும்பைக்கு, பெங்களூருக்கெல்லாம் பெறகு போவேன்.”

அண்ணனுக்குக் கடன் குறைந்த நிம்மதி. மதினிக்கு ராத்திரி ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற நிம்மதி. எனக்கு அவள் கேட்டறிந்து தேர்ந்தெடுத்ததில் நிம்மதி. அவளுக்கு விருப்பம் மனநலத்துக்குப் பதில் கொள்கை ஆய்வாக இருந்திருந்தால், கடன் வாங்கியாவது மும்பைக்குப் போ என்று நானே சொல்லியிருப்பேன்.

மே 30, வெள்ளி

பிளேஸ்மென்ட் முடிந்தது. மாணவிக்கு அவள் கல்லூரி வழியாகவே இரண்டு இடங்களில் நேர்காணல் இருக்கிறது. நன்றாக வருவாள்.

மாணவன் ஊருக்குப் போய் ஏதாவது வேலை தேடப் போவதாகச் சொன்னான். அக்கா சொன்ன கவசம் ஞாபகம் வந்தது. ஸ்கார்ஃபுக்கும் பேனியனுக்கும் விண்ணப்பம் போடு என்றேன். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃபும், வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993இல் தொடங்கிய பேனியனும் நாடறிந்த பெயர்கள். அங்கே கற்றுத்தர அனுபவசாலிகள் இருக்கிறார்கள். “அங்கெல்லாம் என் காலேஜ் பேரைப் பார்த்தா எடுப்பாங்களா மேடம்?” என்றான். கொத்தனார் கேஸ் ரெக்கார்டை, அடையாளம் தெரியும் விவரங்களை எல்லாம் நீக்கிவிட்டு, விண்ணப்பத்தோடு இணைக்கச் சொன்னேன். என் பரிந்துரைக் கடிதத்தில் அவனுக்கு என்ன தெரியும், எதை இன்னும் கற்க வேண்டும் என்று இரண்டையும் எழுதினேன். அண்ணன் மகளுக்குப் பெயர் பிறகு வந்தாலும் போதும்; அவளுக்குத் துணை நிற்க ஓர் அத்தை இருக்கிறாள். இவனுக்கு அது இப்போதே வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

எங்களிடம் மாணவர்களை அனுப்பும் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே கடிதம் எழுதி முடித்தேன். நாளை தலைமை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். கடிதத்தில் இருப்பவை:

எங்களால் ரெக்கார்ட் படிக்க முடிகிற எண்ணிக்கைக்கு மேல் மாணவர்களை எடுக்கமாட்டோம். ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு மணி நேரத் தனிச் சந்திப்பு உண்டு. அது நடக்காத வாரத்துக்கு வருகைப் பதிவில் கையெழுத்துப் போடமாட்டேன். ரெக்கார்ட் தமிழில் எழுதலாம். கல்லூரி ஆசிரியர் மாதம் இருமுறையாவது நேரிலோ போனிலோ எங்களோடு பேச வேண்டும். சென்னையிலிருந்து வந்தாலும் சிற்றூரிலிருந்து வந்தாலும் விதி ஒன்றுதான்.

இது ஒரு மருத்துவமனையால் முடிகிற அளவு. மீதி அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியது. 2021ஆம் ஆண்டு தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவச் சமூகப் பணியாளரும் மனநலச் சமூகப் பணியாளரும் இடம்பெற்றிருக்கிறார்கள். அதன் கீழ் வரும் விதிகளில் ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர், எத்தனை மணி நேரக் களப்பயிற்சி, எத்தனை தனிச் சந்திப்பு என்று எண்ணாலேயே வரையறுக்க வேண்டும். அதைக் காட்டாத கல்லூரிக்கு, பெயர் எதுவானாலும், அங்கீகாரம் தரக்கூடாது. எங்கள் சமூகப் பணியாளர் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. வசதியுள்ளவர் வைத்தியரையும் வக்கீலையும் விசாரித்துத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். எங்களிடம் வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. உசிலம்பட்டிக் கொத்தனாருக்கு அன்றைக்கு வார்டில் யார் பணியில் இருக்கிறாரோ அவர்தான் சமூகப் பணியாளர். காப்பகத்துக் குழந்தைக்கும் சிறைவாசிக்கும் அதே நிலைதான். சிறிய ஊர்களில் அந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சிறிய கல்லூரிகளில் படித்தவர்கள். அந்தக் கல்லூரிகளில் யாரும் ரெக்கார்ட் படிக்கவில்லையென்றால், நட்டம் மாணவனோடு முடிவதில்லை. ஏழைகளிலும் ஏழையான மனிதருக்கு அரைகுறை உதவிதான் கிடைக்கிறது. தேர்ந்தெடுக்க முடியாதவருக்குக் கிடைக்கும் பணியாளர் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் பயின்றவராக இருக்க வேண்டும். நல்ல பெயருள்ள கல்லூரிகள் தங்கள் பெயரை வைத்துச் செய்ய வேண்டிய முதல் வேலையும் அதுதான். பக்கத்து மாவட்டத்துச் சிறிய கல்லூரி ஆசிரியர்களைக் கூப்பிட்டு, மேற்பார்வை செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கலாம். அந்தக் கோரிக்கையையும் கடிதத்தின் கடைசிப் பத்தியாகச் சேர்த்துவிட்டேன்.